காருக்குப் பல்லுப் பாத்த கதை

"பழைய காரு வாங்கப் போனா மொதல்ல எதைப் பாக்கோணும், சொல்லுங்க பாக்கலாம்?"

நான் இப்படிக் கேட்டதும் துளசிமணி வயித்தைத் தாங்கிப் பிடிச்சுட்டு ரோட்டோரக் கல்லுல உக்காந்தா. அவளுக்கு இது ஏழாம் மாசம். எங்க ஊர்ல இருந்து ஆஸ்பத்திரி ரொம்பத் தூரம். மினி பஸ்ஸு வந்தா வந்தது, வராட்டி இல்ல. வலி கண்டா அந்த நிமிஷமே கெளம்புற மாதிரி ஊட்டு வாசல்ல ஒரு காரு நிக்கோணும்னு அவளுக்கு ஆசை. மறுநாக் காலையில அவ வீட்டுக்காரரு குமரேசன், புரோக்கர் பொன்னுசாமிகிட்ட ஒரு பழைய காரு பாக்கப் போறாரு. ஆனா பொன்னுசாமி பேச ஆரம்பிச்சா குமரேசன் தலை தானா ஆடிரும். சும்மா குடுத்தாக்கூட வாங்கக் கூடாத ஒண்ணை அவரு தலையில கட்டிட்டா, அது வலி வர்ற அன்னிக்குப் பாத்து மக்கர் பண்ணுனா? அதுதான் அவ பயம்.

பிள்ளைகளை ஏத்திட்டு வர்ற ஸ்கூல் வேனுக்காக நாங்க மூணு பேரு நின்னுட்டு இருந்தோம். மூணாவது ஆளு கோகிலா. அவ வீட்டுக்காரரு பஞ்சர் கடை வெச்சிருக்காரு. அதனால சக்கரம் வெச்ச எதைப் பத்திப் பேசுனாலும் தனக்குத்தான் தெரியும்னு அவளுக்கு ஒரு நெனப்பு.

"டயரைப் பாக்கோணும்," ன்னா கோகிலா.

"ஏன்டி, செருப்பைப் பாத்தா மாப்பிள்ளை முடிவு பண்ணுவே?"

"இஞ்சினுங்களா அக்கா?" ன்னு துளசிமணி கேட்டா.

"அதுவும் இல்ல சாமி. பல்லு."

கோகிலா சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டா. சிரிக்கட்டும். எங்கய்யன் மாட்டு வியாபாரி, பல்லைப் பாத்தே மாட்டுக்கு வயசு சொல்லுவாரு. நடக்கப் பழகுனதே நான் சந்தையில, மாட்டு வாலைப் பிடிச்சுட்டு. மாடு வேற காரு வேறயா? ரெண்டையும் விக்கிறவன் ஒரே மாதிரிதான் பேசுவான். போன வருஷம் இதே பொன்னுசாமிகிட்ட நாங்களும் ஒரு வெள்ளைக் காரு பாக்கப் போனோம். அதைத்தான் சொன்னேன்.

"பத்து மணிக்கு வாங்கம்மிணின்னாரு பொன்னுசாமி. பத்து மணிக்கு வரச் சொல்ற மாட்டுக்காரன் என்ன பண்ணுவான்? முந்துன நாளு பொழுதோட பால் கறக்காம விட்டுருவான், மடி பெருசாத் தெரியட்டும்னு. காருக்காரன் நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வெச்சிருவான். சூட்டுல எந்த இஞ்சினும் சொன்ன பேச்சுக் கேக்கும். ஆறிக் கெடக்கறப்ப எப்படிக் கெளம்புதுங்கறதுதான் பேச்சு. அதனால நான் கோழி கூப்பிடற நேரத்துக்கே போயிட்டேன். அப்பவும் மனுஷன் முந்திக்கிட்டாரு. பானெட் மேல கையை வெச்சேன் பாரு, அப்பா! சூடுன்னா சூடு. கூட வந்த எம்பொண்ணுக்கு அதுலயே ரெண்டு தோசை ஊத்திக் குடுத்துட்டேன்."

"மாவு?" ன்னா கோகிலா.

"பொண்ணைப் பெத்தவ மாவு இல்லாம வெளியூர் போவாளா? தோசை நல்லா முறுகலா வந்துச்சு. ஆறுனாத்தான் மேற்கொண்டு பேச்சுன்னு சொல்லிட்டேன். ஆறுற வரைக்கும் சும்மா இருக்க முடியுமா, கதவைத் தட்டிப் பாத்தேன். நல்ல தகரம்னா டங்குன்னு கேக்கும். இது பொத்து பொத்துன்னு பூசணிக்காய் மாதிரி. எங்கயோ இடிச்சு நசுங்குனதைப் பட்டி பூசி மறைச்சிருக்காங்க. வளையலால சுரண்டுனேன். வெள்ளைக்கு அடியில நீலம், நீலத்துக்கு அடியில சேப்பு, சேப்புக்கு அடியில மஞ்ச. விடாமச் சுரண்டுனா கடைசியில மரம் வருது! நல்லாப் பாத்தா மாட்டு வண்டியோட நுகத்தடி."

"அப்போ காளையும் உள்ளதான் இருந்திருக்கும்."

"இருந்திருக்கும் கோகிலா. நான் அவ்வளவு ஆழமாச் சுரண்டல."

துளசிமணி சிரிச்சுட்டா. காலையில இருந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தவ, இப்பத்தான் சிரிக்கிறா. எனக்கு உற்சாகம் வந்துருச்சு.

"அப்புறம் மீட்டரைப் பாத்தேன். கொஞ்சந்தான் ஓடியிருக்குன்னு காட்டுது. ஆனா பிரேக் மிதியோட ரப்பர் ஆட்டுக்கல்லுக் குழவி மாதிரி வழவழன்னு தேஞ்சு கெடக்குது. ஏனுங்கண்ணா, மிதி தேயற அளவுக்கு ஓடுன காரு மீட்டர்ல மட்டும் ஓடலீங்களான்னு கேட்டேன். மனுஷன் மீட்டரைப் பின்னால சுத்தியிருக்காரு. இன்னும் ரெண்டு சுத்து சுத்தியிருந்தா காரு ஃபேக்டரிக்கே திரும்பிப் போயிருக்கும், தகரமாத்தான் வந்திருக்கும்."

"ஆத்தா!" ன்னா துளசிமணி.

"காருக்குள்ள தரையில விரிச்ச கால் மிதியை ஏன் ஒட்டி வெச்சிருக்கீங்கன்னு கேட்டு, அதைப் பிச்சு எடுத்தேன். அடியில துருப்பிடிச்சு ஓட்டை. ஓட்டைன்னா, கோழி முட்டை போற ஓட்டை இல்ல, கோழியே போற ஓட்டை. எம்பொண்ணு யாழினி அதுல ரெண்டு காலையும் கீழ விட்டு நடந்தா. காரும் அவகூடவே நடந்துச்சு! பொன்னுசாமி உடனே மைலேஜைப் பத்தி ஆரம்பிச்சுட்டாரு. பாருங்கம்மிணி, பெட்ரோலே வேண்டாம், பொண்ணுக்குக் குடுக்கற ஒரு டம்ளர் பாலுக்கு ஒரு ஊரு போகும்ங்கறாரு."

கோகிலா தலையில அடிச்சுக்கிட்டா. "அந்தாளு புளுகறாரா, நீ புளுகறயா?"

"நீயே கேட்டு முடிவு பண்ணு. இஞ்சின் ஆறுச்சு. சாவியைத் திருப்புனேன். பொகை நீலமா வந்தா ஆயில் எரியுது, கறுப்பா வந்தா டீசலோ பெட்ரோலோ வீணாப் போகுது, விடாம வெள்ளையா வந்தா தண்ணி உள்ள எறங்குது. இதுல மூணும் வந்துச்சு, கல்யாண ஊர்வலம் மாதிரி ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா. ஊரே இருட்டிப் போச்சு. மேய்ச்சலுக்குக் கெளம்புன ஆடுக திரும்பிப் பட்டிக்கு வந்துருச்சு. கோயில் பூசாரி சாயங்கால விளக்கை ஏத்திட்டாரு. கொசு மருந்து அடிக்க வந்த பஞ்சாயத்து ஆளு, எனக்கு இங்க வேலை இல்லீங்கன்னு மிஷினை எடுத்துட்டுப் போயிட்டாரு. இன்னிக்கு வரைக்கும் அந்த ஊர்ல கொசு கிடையாது."

"எந்த ஊரு? நாங்களும் குடி போறோம்," ன்னா கோகிலா.

"கியரைப் போட்டேன். பல்லுப் பாக்கோணும்னு சொன்னேனே, அதுதான் இது. கியருக்கும் பல்லு இருக்குது. நல்ல பல்லு சத்தமே போடாது. இது நறநறன்னு கடிச்ச கடியில, பக்கத்துத் தெரு பல் டாக்டர் கொறட்டோட ஓடி வந்து, யாருக்குங்க கடவாப்பல்லுன்னு கேட்டாரு. சரி, வந்தது வந்தோம், ஓட்டியும் பாத்துருவோம்னு எல்லாரையும் ஏத்திட்டுக் கெளம்புனேன். ஊதியூர்கிட்ட பிரேக்கை மிதிச்சேன். தாராபுரத்துல நின்னுச்சு."

"நடுவுல நீ என்னடி பண்ணுனே?"

"சும்மாவா உக்காந்திருப்பேன்? பொண்ணுக்குச் சோறு ஊட்டுனேன். எண்ணெய் வெச்சு ரெட்டை ஜடை போட்டேன். நேரம் மிச்சம் இருந்துச்சு, பேன் பாத்தேன்."

துளசிமணி வயித்தைப் பிடிச்சுட்டு, "அக்கா, போதுமுங்க, உள்ள உதைக்குது," ன்னா.

"இரு சாமி, வெலை பேசுனதைக் கேளு. எங்கூட்டுக்காரரு சந்தை வழக்கப்படி துண்டைப் போட்டாரு. அதுக்கு அடியில அவரும் பொன்னுசாமியும் விரலைப் பிடிச்சு வெலை பேசுறாங்க. அவரு ஒரு விரலைப் பிடிக்க, இவரு ஒரு விரலைப் பிடிக்க, நடுவுல மெலிசா, ஜில்லுன்னு இன்னொரு விரலு வருது. யாருதுன்னு துண்டைத் தூக்கிப் பாத்தா, வைப்பர்! காரு தன் வெலையைத் தானே பேச வந்துருச்சு. பொன்னுசாமி அதைத் தட்டி விட்டாரு. அது கண்ணாடி மேல போயி நின்னுட்டு, எங்களைப் பாத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுது. வேண்டாம், வேண்டாம், வேண்டாம்னு. விக்கிறவன் என்ன சொன்னாலும் காரு பொய் சொல்லாது, தெரிஞ்சுக்கோ!"

கோகிலா இடுப்புல கையை வெச்சா. "சரி தாயி. இவ்வளவு பாத்தியே, கடைசியில எந்தக் காரு வாங்குனே?"

"காரா?" ன்னேன். "வர்ற வழியில சந்தை கூடியிருந்துச்சு. ஒரு எருமை வாங்கிட்டு வந்துட்டோம்."

கோகிலா சிரிச்ச சிரிப்புல மரத்துல இருந்த காக்கா பறந்து போச்சு. இதை மட்டும் நான் கூட்டிச் சொல்லல.

அதுக்குள்ள தூரத்துல வேன் ஹாரன் கேட்டுச்சு. துளசிமணி கல்லை விட்டு மெதுவா எந்திரிச்சா.

"அக்கா, தோசையும் வைப்பரும் கெடக்கட்டும். பானெட்டைத் தொட்டுப் பாக்கறது, கதவைத் தட்டிப் பாக்கறது, கால் மிதியைத் தூக்கிப் பாக்கறது, ஆறுனப்புறம் ஸ்டார்ட் பண்ணிப் பொகையைப் பாக்கறது, இதெல்லாம் நெசந்தானுங்களே?"

"பொண்ணு மேல சத்தியமா நெசம்."

"அதையெல்லாம் மெக்கானிக் வேலை பாக்கற எந்தம்பி பாத்துக்குவான், நாளைக்கு வர்றான். ஆனா பொன்னுசாமி வாயைத் தொறந்தா எங்கூட்டுக்காரரு தலையாட்டிருவாரு. அந்தாளை வாயைத் தொறக்க விடாமப் பேச இந்த ஜில்லாவுலயே உங்களை விட்டா ஆளில்லீங்க." என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "காலையில எங்ககூட வாங்கக்கா. காரை நீங்க பாக்கவே வேண்டாம். எந்தம்பி அடியில படுத்துப் பாத்து முடிக்கிற வரைக்கும், பொன்னுசாமிகிட்ட நின்னு இதே மாதிரி பேசிட்டே இருங்க."