அளவி கொண்டுவந்த காலிப் பெட்டி

அந்தக் காலத்தில் கணினி நிரல்களில் வேலை செய்யும் ஃபங்ஷன்களுக்கெல்லாம் வாய் இருந்தது. நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில், முட்டை பொரிக்கும் இயந்திரத்துக்குள் அப்படி இரண்டு பேர் குடியிருந்தார்கள். வெப்பத்தை அளந்து சொல்பவள் அளவி. அதைக் கேட்டு அடுப்பைக் கூட்டிக் குறைப்பவள் கனலி. நடுவே, நிரல் விதிப்படி இருக்கிறதா என்று சோதிக்கும் வாசற்காவலர் கம்பைலர், மகா கறார்ப் பேர்வழி. யார் கேட்டாலும் எண் ஒன்று கொடுத்தே ஆக வேண்டும், வெறுங்கையோடு வரக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

முந்நூறு முட்டைகள் பொரிய வேண்டிய நாள் வந்தது. அன்றைக்கென்று பார்த்து வெப்பமானியின் ஒயர் கழன்று தொங்கியது!

"எத்தனை டிகிரி புள்ள?" என்றாள் கனலி.

அளவிக்குத் தெரியவில்லை. சட்டத்துக்குப் பயந்து பூஜ்ஜியத்தை நீட்டிவிட்டாள்.

"பூஜ்ஜியமா! குஞ்செல்லாம் வெறைச்சுப் போயிருமே!" என்று பதறி அடுப்பை முழுசாகத் திறந்துவிட்டாள் கனலி.

கொஞ்ச நேரத்தில் முட்டைக்குள்ளிருந்து கீச்சுக் குரல்கள். "வேகுதே! வேகுதே!"

கனலி மறுபடி கேட்டாள். இன்னொரு பூஜ்ஜியம் கொடுத்தால் முந்நூறு உயிரும் போய்விடும். சட்டமாவது ஒன்றாவது! அளவி காலிப் பெட்டி ஒன்றை எடுத்தாள், மூடினாள், மேலே பெரிய கேள்விக்குறி போட்டாள், ஓடினாள்.

கம்பைலர் மறித்தார். "உள்ள என்ன, எண்ணா?"

"இருந்தா ஒரு எண்ணுங்ண்ணா. இல்லீன்னா ஒண்ணுமில்லீங்க. வாங்கறவங்க தொறந்து பாத்துட்டுத்தான் எடுக்கோணும்."

சட்டம் தடுத்தது. ஆனால் கீச்சுக் குரல்கள் அவர் காதிலும் விழுந்தனவே! வழிவிட்டார்.

கனலி திறந்தாள். காலி. "அப்ப உனக்குத் தெரியாதா?"

"தெரியலீங்க்கா. முன்ன சொன்னது பொய்."

கனலி சட்டென்று அடுப்பை அணைத்தாள், அபாய மணியை அடித்தாள். பண்ணைக்காரி வீராத்தாள் ஓடிவந்து ஒயரை மாட்டினாள். அடுத்த பெட்டிக்குள் எண் இருந்தது. சூடு மெல்லத் தணிந்து முப்பத்தேழுக்கு வந்தது. டொக்! டொக்! ஓடு உடைத்து முந்நூறு மஞ்சள் குஞ்சுகளும் வெளியே வந்தன. அடடா, என்ன கும்மாளம்!

அன்று முதல்தான், பதில் இல்லாமலும் போகலாம் என்கிற ஸ்விஃப்ட் நிரல்மொழி ஃபங்ஷன், திருப்பித் தரும் மதிப்பின் வகையை, அது முழு எண் என்றால் `Int?` என்று கேள்விக்குறியோடு சொல்கிறது. உள்ளே ஏதும் இல்லாவிட்டால் `nil` என்று ஒப்புக்கொள்கிறது. பொய்ப் பூஜ்ஜியம் சொல்லி யாரையும் வேகவைப்பதில்லை.