முதுகு நிறைய மூட்டை

“குத்து! வலது பக்கம் இன்னும் நாலு முள் காலியா இருக்கு!” என்று கத்தினான் கூரன்.

சிலும்பி ஒரு நெல்லிக்காயைக் கவ்வி வந்து கணவனின் முதுகு முள்ளில் செருகினாள். முள்ளம்பன்றிகளுக்குக் கூடை கிடையாது, பை கிடையாது. எதை எடுத்துப்போவதானாலும் முள்ளில் குத்தித்தான் எடுத்துப்போக வேண்டும். கூரனின் முதுகில் ஏற்கெனவே காட்டுவள்ளிக் கிழங்கும் பலாச்சுளையும் மூங்கில் குருத்தும் ஏறியிருந்தன. அவற்றுக்கு மேல் சருகு மெத்தை. மெத்தைக்கு மேல், மழைக்குப் பிடிக்க ஒரு மரப்பட்டை. உச்சியில், தண்ணீர் நிரப்பிய ஒரு விளாம்பழ ஓடு.

“என்னங்க, நாம ஆத்தங்கரைக்குத்தானே போறோம்? தண்ணி எதுக்கு?” என்றாள் சிலும்பி.

“ஆறு வத்தியிருந்தா?”

“நேத்துதானே மழை கொட்டுச்சு!”

“அதுக்குத்தான் பட்டையும் எடுத்திருக்கேன்!”

சிலும்பி அடுத்த நெல்லிக்காயை எடுத்தாள். சின்னவன் பஞ்சு பிறந்ததிலிருந்து அவள் வளையை விட்டு வெளியே வரவில்லை. இரவெல்லாம் கூரன் இரை தேடிக் கொண்டுவருவான். பகலெல்லாம் நாலு பேரும் இருட்டில் சுருண்டு கிடப்பார்கள். “ஒரே ஒரு பகல் ஆகாயத்துக்குக் கீழ தூங்கணும்” என்று அவள்தான் கேட்டாள். கேட்டதும் சரி என்றுவிட்டான் கூரன். சரி என்ற கணத்திலிருந்து மூட்டை கட்டத் தொடங்கிவிட்டான்.

பஞ்சு இப்போதுதான் தத்தித் தத்தி நடக்கிறான். பெயருக்கேற்றபடி முள்ளெல்லாம் இன்னும் பஞ்சாகவே இருந்தது. மூத்தவள் மொச்சைக்கு நடை உறுதிப்பட்டிருந்தது, முள் முற்றவில்லை. இப்படி இரண்டை வெளியே கூட்டிப்போவதென்றால் சும்மாவா? பசித்தால்? குளிர்ந்தால்? நனைந்தால்? ஒவ்வொரு ‘ஆல்’ தோன்றியபோதும் கூரனின் முதுகில் ஒரு சாமான் கூடியது.

“ஐயோ, பாசி!” என்று திடீரென்று அலறினான். “பஞ்சுவுக்கு அடியில போடப் பாசி எடுக்கலையே!”

“முதுகுல இடமே இல்லைங்க.”

“வால் இருக்கே!”

முள்ளம்பன்றியின் வால் முட்கள் குழல் போல உள்ளே வெறுமையாக இருக்கும். ஆட்டினால் கலகலவென்று ஒலிக்கும். கிட்டே வராதே என்பது அதன் பொருள். காட்டில் எல்லாருக்கும் அது தெரியும். பஞ்சுவுக்கு மட்டும் தெரியாது. அவனுக்கு அது கிலுகிலுப்பை. அதைக் கேட்காமல் ஒரு நாளும் அவன் தூங்கியதில்லை.

அந்தக் குழல்களுக்கு நடுவே ஈரப்பாசியை அடைத்தாள் சிலும்பி. அடைத்துவிட்டுக் கேட்டாள்: “வழியில யாராவது வந்தா?”

“வந்தா சிலிர்த்துக்குவேன்!” என்று கூரன் சிலிர்த்தும் காட்டினான். விளாம்பழ ஓடு லேசாக ஆடியது. வேறு ஒன்றும் அசையவில்லை.

“பாத்தியா!” என்றான் கூரன்.

இருள் பிரியுமுன் கிளம்பினார்கள். அப்பா முன்னால், அம்மா பின்னால், பிள்ளைகள் நடுவில். குல வழக்கம் அது.

“அப்பா, நெல்லிக்கா!” என்றாள் மொச்சை.

“அங்க போனதும் தர்றேன்.”

“அப்பா, தூக்கு!”

“எங்கம்மா தூக்குறது? குரங்கு வீட்டுலதான் தூக்குவாங்க. நம்ம வீட்டுல நடக்கணும்.”

“அப்பா, ஒண்ணுக்கு!”

நின்றார்கள். நடந்தார்கள். பஞ்சு ஒரு வண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மறுபடி நின்றார்கள். கூரனுக்குப் பாரம் தோளை அழுத்தியது. நின்றால் இன்னும் அழுத்தியது.

புல்வெளியில் தாவி என்ற முயல் படுத்திருந்தாள். அவளுடைய மூன்று குட்டிகள் பக்கத்தில் வெறும் புல்லில் தூங்கின.

“என்ன அண்ணே, வீடு மாத்துறீங்களா?” என்றாள் தாவி.

“இல்ல தங்கச்சி. ஒரு பகல் ஆத்தங்கரையில தங்கிட்டு வரப்போறோம்.”

“ஒரு பகலுக்கா இவ்வளவு!”

“பிள்ளைங்க இருக்குதே!” என்றான் கூரன் பெருமையாக. “உன் பிள்ளைங்களுக்கு மெத்தை எங்க?”

“இதோ, புல்லு.”

“மழை வந்தா?”

“நனைவோம்.”

“யாராவது வந்தா?”

“ஓடுவோம்!”

கூரனுக்குப் பாவமாக இருந்தது. பொறுப்பே இல்லாத குடும்பம் என்று நினைத்துக்கொண்டான்.

“நீங்க எப்படி அண்ணே, ஓடுவீங்களா?”

“முள்ளம்பன்றி ஓடாதும்மா. முதுகைக் காட்டி நிக்கும்!”

தாவி அவன் முதுகைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள்.

“நல்ல முதுகு” என்றாள்.

ஆற்றங்கரையில் ஒரு பெரிய பாறை. அதன் அடியில் ஓர் இடுக்கு. சிலும்பி பிள்ளைகளோடு உள்ளே நுழைந்தாள். கூரன் நுழைந்தான். தலை போயிற்று. மூட்டை போகவில்லை.

“இறக்கிடலாமாங்க?”

“இறக்கினா மறுபடி யார் குத்துறது? அங்கேயே இருக்கட்டும். வேணுங்கறப்ப வேணுங்கறதை எடுத்துக்கலாம். நான் வாசல்ல படுத்துக்கறேன்.”

ஆறு இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. கிழக்கே சிவந்தது. சிலும்பி இடுக்கிலிருந்து தலையை நீட்டி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எவ்வளவு பெரிசா இருக்கு!” என்றாள். கூரனுக்குச் சுமந்த களைப்பெல்லாம் பறந்துபோனது.

அப்போது சூரியன் மேலே வந்தது.

“அப்பா, இந்த வெளிச்சத்தை மூடு!” என்றாள் மொச்சை.

“மூட முடியாதும்மா. கண்ணை மூடு.”

“நெல்லிக்கா குடு. மூடறேன்.”

“தூங்கி எழுந்தாதான் நெல்லிக்கா!”

பஞ்சு அழ ஆரம்பித்தான். பலாச்சுளையைக் காட்டினார்கள். திரும்பிக்கொண்டான். மூங்கில் குருத்தைக் கொடுத்தார்கள். துப்பினான். தண்ணீர் கொடுக்கப் போய், விளாம்பழ ஓடு சாய்ந்து அத்தனையும் கூரனின் காதுக்குள் போயிற்று.

“வாலை ஆட்டுங்களேன்!” என்றாள் சிலும்பி.

கூரன் வாலை ஆட்டினான். ஈரத் துணியை உதறியது போல ‘சொத் சொத்’ என்றது. பஞ்சு ஒரு கணம் அழுகையை நிறுத்தி வாலைப் பார்த்தான். ஏமாற்றப்பட்டது புரிந்ததும் முன்னைவிடப் பெரிதாக அலறினான்.

“பாசியை எடுத்துடவா?”

“அது அவன் தூங்கினப்புறம் அடியில போடறதுக்கு! எடுத்துக் கீழ போட்டா காஞ்சு போயிடும்.”

அழுகை ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போயிற்று. அங்கே ஒரு கழுதைப்புலி வீடு திரும்பிக்கொண்டிருந்தது. இரவு முழுக்க அலைந்து ஒன்றும் கிடைக்காத கழுதைப்புலி. பிள்ளை அழும் சத்தம் கேட்டதும் அது நீந்தியே வந்துவிட்டது.

பாறை வாசலில் ஒரு குவியலைக் கண்டு நின்றது.

“இது என்ன, புதரா? சந்தைக் கூடையா?”

“நான் முள்ளம்பன்றி!” என்றான் கூரன். திரும்பி முதுகைக் காட்டினான். மூச்சை இழுத்துச் சிலிர்த்தான். தோல் துடித்தது. கிழங்கு அசையவில்லை, மெத்தை அசையவில்லை. ஒரே ஒரு நெல்லிக்காய் மட்டும் கழன்று உருண்டு போய்க் கழுதைப்புலியின் காலடியில் நின்றது. வாலை அடித்தான். ‘சொத்.’

கழுதைப்புலி உட்கார்ந்து சிரித்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தது.

“முள்ளம்பன்றின்னு சொல்றே. முள்ளு எங்கே?”

கூரன் இடுக்குக்குள் பார்த்தான். இடுக்குக்குள் இரண்டு பிள்ளைகளும் சிலும்பியின் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் சிலிர்த்தால் அந்தக் குறுகிய இடத்தில் முதலில் குத்துப்படுவது அவர்கள்தான். ஆக, கழுதைப்புலிக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் இருந்தது கூரனின் முதுகு ஒன்றுதான். அந்த முதுகில் மெத்தை இருந்தது.

“தள்ளிக்கோ” என்றது கழுதைப்புலி. “சின்னவனை முதல்ல முடிச்சுடறேன். சத்தமாவது நிக்கட்டும்.”

“பெரியவரே!” உள்ளிருந்து சிலும்பியின் குரல் வந்தது. “ராத்திரியெல்லாம் பட்டினியா? வெறும் வயித்துல இளம் முள்ளு இறங்கினா குடலைக் கீறிடும். முதல்ல கொஞ்சம் பலாச்சுளை சாப்பிடுங்க. அவர் முதுகுலயே இருக்கு.”

“ஏய்! அது மொச்சைக்கு வெச்சது!” என்றான் கூரன்.

“நீங்க சும்மா இருங்க! பெரியவரே, எடுத்துக்குங்க.”

கழுதைப்புலி யோசித்தது. குடலைக் கீறும் என்பதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. பலாச்சுளைகளை ஒவ்வொன்றாக உருவித் தின்றது.

“கிழங்கும் நல்லா இருக்கும். பட்டையைத் தள்ளிட்டுப் பாருங்க.”

“பட்டை மழைக்கு!” என்று கத்தினான் கூரன்.

“மழையா?” கழுதைப்புலி வானத்தை அண்ணாந்து பார்த்தது. “ஏன்யா, எங்கய்யா மழை? நானும் நாலு பிள்ளை வளர்த்தவன்தான். இத்தனையைத் தூக்கிட்டு எவனாவது வெளிய வருவானா?” பட்டையைக் காலால் தட்டிவிட்டது. அது ஆற்றில் விழுந்து மிதந்து போயிற்று. கூரன் அது போகும் திசையையே பார்த்தான்.

கிழங்கு போயிற்று. குருத்தும் மிச்ச நெல்லிக்காயும் போயின. பாவி, பிள்ளையைத் தின்ன வந்தவனுக்கா இப்படி விருந்து வைக்கிறாள் என்று கூரன் மனதுக்குள் பொருமினான். பெற்ற பிள்ளைகளுக்கு என்று பார்த்துப் பார்த்துக் குத்திய சாமான்! இவளுக்குப் பயத்தில் புத்தி பேதலித்துவிட்டதா?

“தேனடை எல்லாத்துக்கும் அடியில இருக்கு பெரியவரே!” என்றாள் சிலும்பி. “மெத்தையைப் பிரிக்கணும்.”

“தேனடையா!” கழுதைப்புலிக்கு எச்சில் ஒழுகியது.

கூரனுக்குப் பகீரென்றது. தேனடை! தேனடையை அவன் எடுக்கவே இல்லை. இருமலுக்குத் தேன் வேண்டுமென்று அவனுக்குத் தோன்றவே இல்லையே! இத்தனையையும் யோசித்தவன் அதை எப்படி மறந்தான்?

“சிலும்பி, தேனடை நாம…” என்று தொடங்கினான்.

அப்போது கழுதைப்புலி மெத்தையைப் பிய்த்து எறிந்தது. முதுகில் சில்லென்று காற்று பட்டது. காற்று முட்களுக்கு நடுவில் புகுந்து புறப்பட்டது. கிளம்பியதிலிருந்து முதன்முறையாக ஒரு முள் தானாக எழுந்து நின்றது. அதன் பக்கத்தில் இன்னொன்று.

கூரன் சொல்ல வந்ததை விழுங்கினான்.

“எங்கே தேன்?” என்றது கழுதைப்புலி. “மெத்தைக்கு அடியில ஒண்ணும் இல்லையே?”

“அவளுக்கு என்ன தெரியும், பொம்பளை!” என்றான் கூரன். “மூட்டை கட்டினது நான். தேனை யாராவது முதுகுல வைப்பாங்களா, வெயிலுக்கு உருகிடாது? வால்ல வெச்சிருக்கேன். பாசியைப் போட்டு மூடி வெச்சிருக்கேன். வேணாம், அது மட்டும் வேணாம்! அது பிள்ளைங்களுக்கு!”

கழுதைப்புலி பாசியை வாயால் கவ்வி இழுத்து உமிழ்ந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தது. தேனைக் காணோம். மூக்கை வாலுக்குள் நன்றாக நுழைத்து முகர்ந்தது.

கலகலகலகலவென்று காடு அதிர்ந்தது. கூரன் முழுதாகச் சிலிர்த்து, முழு வேகத்தில், பின்பக்கமாகப் பாய்ந்தான்.

கழுதைப்புலி ஒரே தாவலில் ஆற்றில் விழுந்தது. மூக்கில் ஆறேழு முள்ளோடு அக்கரை ஏறி, திரும்பிப் பார்க்காமல் ஓடியது. கூரன் விடவில்லை. அது கண்ணில் மறையும்வரை கரையில் நின்று வாலை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

“போதுங்க” என்று கிசுகிசுத்தாள் சிலும்பி. “பஞ்சு தூங்கிட்டான்.”

கூரன் எட்டிப் பார்த்தான். பஞ்சு வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். மொச்சையும் நெல்லிக்காயை மறந்து அவன்மேல் கால் போட்டுத் தூங்கினாள். வெறும் மண்ணில்தான் படுத்திருந்தார்கள். கூரன் இடுக்குக்குள் நுழைந்தான். இப்போது உடம்பு முழுதும் உள்ளே போயிற்று.

“அந்தக் கிழங்கை மட்டுமாவது…” என்று ஆரம்பித்தான்.

“தூங்குங்க” என்றாள் சிலும்பி.

பொழுது சாயும்போது எழுந்து வீட்டுக்குக் கிளம்பினார்கள். அப்பா முன்னால், அம்மா பின்னால், பிள்ளைகள் நடுவில். பாறை வாசலில் கழன்று விழுந்த நெல்லிக்காய் அப்படியே கிடந்தது. கூரன் அதைத் தாண்டிப் போனான். நின்றான். திரும்பி வந்து தரையில் ஒரு புரள் புரண்டு அதை ஒரு முள்ளில் ஏற்றிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல நடந்தான்.

புல்வெளி வருவதற்குள், பின்னால் நடந்துவந்த மொச்சை எட்டி அதைக் கவ்வித் தின்றுவிட்டாள்.

பிள்ளைகளுக்காக எல்லாவற்றையும் சுமக்கிறவர்கள், அவர்களைக் காப்பாற்றவும் உடம்பில் கொஞ்சம் இடம் விட்டுச் சுமக்க வேண்டும்.