ஏரியை அடைத்த தண்டவாளம்

குழந்தைகளே, மலையடிக் காடு ஒன்றில் பெரிய ஏரி இருந்தது. அதன் வடகரையில் ஒரு நீர்நாய் தன் குட்டிகளோடு வாழ்ந்து வந்தது.

அந்தக் காட்டில் யானைகள் இழுக்கும் ரயில் ஒன்று ஏரியைச் சுற்றி ஓடியது. அரசனான சிங்கத்துக்கோ பொறுமையே கிடையாது.

"சுற்றிச் சுற்றி அலுத்துவிட்டது. ஏரிக்குக் குறுக்கே தண்டவாளம் போடு!" என்று தன் அமைச்சரான நரிக்கு உத்தரவிட்டது.

நரி முதலில் மரத்தூண்களை நட்டுப் பாலம் கட்டியது. தூண்களுக்கு இடையே தண்ணீர் ஓடியது; மீன்கள் போய்வந்தன. ஆனால் ரயில் ஏறும்போதெல்லாம் பாலம் ஆடியது. அடிக்கடி தூண் மாற்ற நரிக்குச் சோம்பல்.

"கல்லையும் மண்ணையும் கொட்டி அடைத்துவிடுங்கள்" என்றது.

கரடிகள் கொட்டின. கொட்டியதை எல்லாம் சேறு விழுங்கியது. விடாமல் கொட்டின, கடைசியில் மேடு எழுந்தது.

நீர்நாய் பதறி ஓடி வந்தது. "ஐயா, ஆறு தென்பக்கத்தில்தான் வந்து சேருகிறது. முழுக்க அடைத்தால் வடபக்கத்துக்குத் தண்ணீர் ஏது? ஒரு மதகாவது விடுங்கள்!"

"ஏரியே சும்மா இருக்கிறது. உனக்கென்ன வந்தது?" என்று நரி சிரித்தது.

கோடையில் வடபக்கம் வற்றியது. மீன்கள் செத்து நாறின. குட்டிகள் பசியில் கத்தின. நீர்நாய் செத்த மீன் ஒன்றைக் கவ்விக்கொண்டு போய் அரசவை நடுவே போட்டது.

நரி மூக்கைப் பொத்திக்கொண்டது. "அரசே, ஏரி அப்படியே இருக்கிறது. நடுவில் ஒரு கோடு போட்டோம், அவ்வளவுதான்!"

"அப்படியா?" நீர்நாய் ஒரு காட்டுக்கொடியை நரியின் கழுத்தில் சுற்றி இறுக்கியது.

"ஐயோ, மூச்சு முட்டுகிறது! அவிழ்த்துவிடு!"

"ஏன் கத்துகிறாய்? தலை அப்படியே இருக்கிறது. உடம்பும் அப்படியே இருக்கிறது. நடுவில் ஒரு கோடுதானே!"

நீர்நாய் கொடியை அவிழ்த்தது. சிங்கம் தலைகுனிந்து, "மேட்டை வெட்டி வழி விடுங்கள்" என்றது.

கரடிகள் வெட்டின. வடபக்கம் தண்ணீர் பாய்ந்தது.

"இப்போது திருப்திதானே?" என்று கேட்டது சிங்கம்.

"தண்ணீர் வந்துவிட்டது, அரசே. செத்த மீன்கள் திரும்பி வருமா?" என்று கேட்ட நீர்நாய், வணங்காமலே திரும்பி நடந்தது.

நீதி: பிறர் வாழும் வழியை அடைத்து நமக்கு வழி போடக் கூடாது.