நிழல் படாமல் சிலம்பம்

அன்று காலை ஆவாரங்கோட்டைச் சிலம்பக் களத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ராசா ஒருவர். தளவாய் சங்கிலியப்பர் ஒருவர். ராசாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் பூவாயி ஒருத்தி. தடி பிடித்த பெண்கள் எட்டுப் பேர். தடி பிடித்த வீரர்கள் ஏழு பேர். தடி பிடித்த எட்டாவது ஆண், கிழவன் நான். மொத்தம் பத்தொன்பது. முதலில் இருபது என்று வந்தது. களத்தில் ஆள் எண்ணுகிறவனும் நானே என்பதால் என்னை இரண்டு தடவை எண்ணிவிட்டேன். பிறகு ஒன்றை அழித்தேன். அழிந்தது எண்ணுகிற நானா, அடி வாங்குகிற நானா என்பது இன்றுவரை தெரியவில்லை.

ஆணும் பெண்ணும் ஒரே களத்தில் தற்காப்புப் பழக வேண்டும் என்பது ராசாவின் உத்தரவு. நாலு மாதமாக எனக்குச் சோடி, மலைக் கணவாய் தாண்டிப் போய் உப்பு விற்கும் வேலம்மை. நான் வாங்கிய அடி நூற்றுப் பதினாறு. கொடுத்தது ஒன்று. அதுவும் காற்று தள்ளியது என்கிறாள். நான் மறுக்கவில்லை. பெண்களோடு வாதாட எனக்குக் கூச்சம். ஆண்களோடும் அப்படித்தான்.

தளவாய்க்கு இந்தப் பழக்கம் பிடிக்கவில்லை. முந்தின நாள் சபையில் எழுந்தார்.

"மகாராசா, கணவாயில கள்ளர் பயம்னா என் வீரன் ஒருத்தனைத் துணைக்குக் கூட்டிட்டுப் போகட்டும். பொம்பளைக்கு எதுக்குத் தடி?"

வேலம்மை சும்மா இருக்கவில்லை. "போன மாசம் கூட்டிட்டுத்தான் போனேன் சாமி. கள்ளனைக் கண்டதும் உங்க வீரர் எனக்கு முன்னாடி ஓடினாரு. அவரை வீடு சேர்க்க நான்தான் துணை போனேன்."

சபை சிரித்தது. தளவாயின் மீசை துடித்தது.

"சரி மகாராசா, ஒண்ணாவே பழகட்டும். ஆனா மட்டு மரியாதை வேணும். ஆம்பளையோட நிழல்கூடப் பொம்பளை மேல விழக் கூடாது. நாளைக்குக் காலையில அந்த நிபந்தனையோட ஒரு போட்டி. பொம்பளைங்க தோத்தா களத்தை விட்டுப் போகணும். உப்புக்காரியும் இனிமே தனியாக் கணவாய் தாண்டக் கூடாது."

ராசா சரி என்று தலையாட்டிவிட்டார். வேலம்மையின் முகம் வாடியது. கணவாய்க்கு அந்தப் பக்கம் போனால்தான் உப்பு விற்கும். உப்பு விற்றால்தான் வீட்டில் உலை கொதிக்கும். நிழல் படாமல் சண்டை போடுவதாவது!

பூவாயி வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். "நல்ல நிபந்தனை மகாராசா. ஒரே ஒரு சந்தேகம். நிழல் விழுந்துட்டா குத்தம் யாரோடது?"

"நிழலுக்குச் சொந்தக்காரனோடது," என்றார் ராசா.

"அப்போ அவன்தானே ஆட்டத்தை விட்டு வெளியே போகணும்?"

"ஆமா, அதுதான் நியாயம்."

"பொம்பளை நிழல் ஆம்பளை மேல விழுந்தா?"

தளவாய் கடகடவென்று சிரித்தார். "விழட்டுமே! அது என்ன, கல்லா மண்ணா?"

மறுநாள் விடிந்ததும் பூவாயி எட்டுப் பெண்களையும் களத்தின் கிழக்கு ஓரத்தில் நிறுத்திவிட்டாள். சூரியன் அப்போதுதான் மதிலுக்கு மேலே வந்திருந்தது. அது பெண்களுக்கு முதுகுப் பக்கம். மேற்கே நின்ற எங்களுக்கு நேரே கண்ணுக்குள். எங்கள் நிழல் எங்களுக்குப் பின்னால் நீளமாக, ஒழுங்காகக் கிடந்தது. வெயிலுக்குப் பயந்து சுற்றி வந்தாலோ அது பெண்கள் மேல் ஏறிவிடும்.

தடி நுனிகளில் கரி பூசினார்கள். உடம்பில் கரி பட்டவர் தோற்றவர்.

"என்ன தாத்தா, நூற்றுப் பதினேழா?" என்றாள் வேலம்மை. குரலில் மட்டும்தான் விளையாட்டு.

ஆட்டம் தொடங்கியது. எனக்குக் கண் கூசியது. மெல்ல இரண்டடி சுற்றி வந்தேன். என் நிழல் அவள் காலில் ஏறியது.

"முதல் தப்பு!" என்று கத்தினேன்.

"யாருய்யா அது?" என்றார் ராசா.

"நான்தான் மகாராசா."

என்னை நானே வெளியேற்றிக்கொண்டேன். நாலு மாதத்தில் அடி வாங்காமல் தோற்றது அன்றுதான்.

பிறகு மூன்று வீரர்கள் என்னைப் போலவே நிழலால் வெளியே வந்தார்கள். மற்ற நாலு பேரும் இடம் மாறாமல் நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கரி வாங்கினார்கள். அதில் ஒருவர் கண் தெரியாமல், ராசா உட்கார்ந்திருந்த பந்தலின் காலோடு வெகுநேரம் வீரமாகப் போராடினார். பெண்கள் மேல் ஒரு பொட்டுக் கரி இல்லை.

தளவாய் தாமே தடியைப் பிடுங்கிக்கொண்டு வேலம்மை முன் குதித்தார். ஒரு கையைப் புருவத்துக்குக் கூரையாக வைத்துக்கொண்டு மறு கையால் சுற்றினார். அவள் ஒதுங்கினாள், குனிந்தாள், ஒரு தட்டுத் தட்டினாள். வெள்ளை மீசையில் பாதி கறுப்பாயிற்று.

"இது செல்லாது! உச்சிப் பொழுது வரைக்கும் நிறுத்துங்க!"

"நிறுத்தலாம் ஐயா," என்றாள் பூவாயி. "கணவாய்க் கள்ளனும் காலையிலதான் வர்றானாம். அவனையும் உச்சி வரைக்கும் பொறுக்கச் சொல்லி ஆள் அனுப்பட்டுமா?"

தளவாய்க்கு வியர்த்து வழிந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. "மகாராசா, அந்த நிபந்தனையை எடுத்துருங்க. நிழல் விழுந்தா விழட்டும்!"

ராசா பூவாயியைப் பார்த்தார். "நீ என்ன சொல்றே?"

"எங்களுக்கென்ன மகாராசா, சித்திரை வெயில். தளவாய் ஐயா மாதிரி உடம்புக்காரர் நிழல் கிடைச்சா யார் வேண்டாம்பா?"

ராசா சிரித்த சிரிப்பில் வெற்றிலை புரையேறிவிட்டது. களம் பெண்களுக்கும் என்றைக்கும் உண்டு, வேலம்மை எந்த நேரமும் தனியே கணவாய் தாண்டலாம் என்று தீர்ப்பாயிற்று. பூவாயிக்குத் தம் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். எல்லோருக்கும் ஒரு கூடை நுங்கு வந்தது. எண்ணினேன், நாற்பது. ஆளுக்கு இரண்டு போக மீதி இரண்டு.

தளவாய் மட்டும் வேண்டாம் என்று திரும்பி உட்கார்ந்திருந்தார். சற்றுப் பொறுத்து எழுந்து வேலம்மையிடம் வந்தார்.

"கடைசியாத் தட்டினியே, அதை ஒருதரம் மெதுவாக் காட்டு தாயி."

அவள் காட்டினாள். அவர் பார்த்துக்கொண்டே தம் பங்கு இரண்டும், கணக்கில்லாமல் ஒன்றும் தின்றார்.

மீதி ஒன்று. அது, காலையில் அழிந்துபோன எனக்கு.