தொடங்கு என்று சொன்ன எலி

தாழம்புதர் அடர்ந்த ஒரு குளக்கரையில் வயல் எலிகள் கூட்டமாக வாழ்ந்தன. ஒரு நாள் அங்கே ஒரு வெள்ளை எலி வந்து சேர்ந்தது. அதன் பெயர் பால்வண்ணன். பக்கத்துக் கல்லூரியின் ஆராய்ச்சிக்கூடத்துக் கூண்டிலிருந்து தப்பி வந்தது.

கூண்டுக்கு எதிரே தினமும் பாடம் நடக்கும். கேட்டுக் கேட்டுப் பால்வண்ணனுக்குப் படித்த களை வந்துவிட்டது. பாதி கேட்டதுமே முழுவதும் புரிந்துவிட்டது போலத் தலையாட்டும். இந்த ஒரு விஷயத்தில் அது நம்மைப் போலத்தான்.

"என் உடம்பில் ஒரு மரபணு இருக்கிறது, தெரியுமா?" என்றது அது, வந்த அன்றே.

"கடிக்குமா?" என்று கேட்டது மொட்டைவாலன் என்ற கிழட்டு எலி.

"கடிக்காது, அண்ணாச்சி! ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் மெல்லிய நூல் ஒன்று சுருண்டு கிடக்கிறது. உடம்புக்கு வேண்டியதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. வேண்டிய பகுதியைப் படியெடுத்தால்தான் ரோமம் முளைக்கும், பல் வளரும். ஆனால் எங்கே தொடங்குவது என்று படியெடுப்பவனுக்குத் தெரியாது. 'இதோ, இங்கே தொடங்கு!' என்று காட்டுகிற புரதத்தைச் செய்வது என் மரபணு!"

"அது இல்லாவிட்டால்?"

"ஒன்றுமே தொடங்காது!"

எலிகள் வாயைப் பிளந்தன. அன்று முதல் பால்வண்ணன் 'ஐயா' ஆனது. நெல் பொறுக்கப் போவதா, வளை தோண்டுவதா, எதற்கும் ஐயா "தொடங்கு!" என்று சொல்ல வேண்டும். சொன்னதற்காக முற்றிய நெல்மணிகள் முதலில் ஐயாவுக்கு.

"தூங்கும்போது மட்டும் என்னை எழுப்பக் கூடாது! எழுப்பினால் தொடக்கமே கெட்டுவிடும்!" என்று ஒரு விதியையும் அது சேர்த்துக்கொண்டது. அந்த விதி எந்தப் பாடத்திலும் இல்லை.

ஐப்பசி பிறந்தது. மழை ஓயாமல் பெய்தது. ஒரு மதியம் குளம் நிரம்பி, தண்ணீர் சத்தமில்லாமல் கரையேறி வந்தது. பூவாயி என்ற எலியின் குட்டிகள் கீழ் வளையில் கிடந்தன. இன்னும் கண் திறக்காத குட்டிகள்.

"அண்ணாச்சி, தண்ணீர் வளை வாசலுக்கு வந்துவிட்டது! குட்டிகளை மேட்டுக்குத் தூக்க வேண்டும்!" என்று பதறியது பூவாயி.

"ஐயா தூங்குகிறாரே!" என்றது மொட்டைவாலன். தாழை வேரின்மேல் வயிறு புடைக்கப் படுத்து, பால்வண்ணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"எழுப்பட்டுமா?"

"ஐயையோ! தொடக்கம் கெட்டுவிடும்!"

எலிகள் நனைந்துகொண்டே வரிசையாக நின்றன. பூவாயியும் நின்றது. ஒரு காலை மட்டும் முன்னே எடுத்து வைத்துக்கொண்டு நின்றது.

அப்போது தண்ணீரோடு ஒரு தவளை மிதந்து வந்தது. அதே ஆராய்ச்சிக்கூடத்துக் கண்ணாடித் தொட்டியிலிருந்து எப்போதோ தப்பி வந்த தவளை. விஷயத்தைக் கேட்டு அது குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

"இவனா? பாடம் பாதி நடக்கும்போதே தூங்கிவிடுவானே! மீதியைக் கேட்டவன் நான். அந்த மரபணு இவனுக்கு மட்டுமா இருக்கிறது? உனக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. உங்களைத் தின்கிற பாம்புக்கும் இருக்கிறது!"

"என் குட்டிகளுக்கு?" என்றது பூவாயி.

"அவற்றுக்கு இதற்குள் ரோமம் முளைக்கத் தொடங்கியிருக்குமே! இவனா வந்து உத்தரவு கொடுத்தான்?"

பூவாயி உடனே வளைக்குள் பாய்ந்தது. முதல் குட்டியைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. அதைப் பார்த்ததும் மற்ற எலிகளும் பாய்ந்தன. கடைசிக் குட்டி மேடேறியபோது கீழ் வளை தண்ணீரில் மறைந்தது.

தாழை வேரும் மூழ்கியது. பால்வண்ணன் மூக்கில் தண்ணீர் ஏறி விழித்தது. "தொடங்கு! தொடங்கு!" என்று அலறியது. ஆனால் அதன் கால்கள் அதற்கு முன்பே நீந்தத் தொடங்கியிருந்தன. பூவாயி கரையிலிருந்து வாலை நீட்டியது. பால்வண்ணன் அதைப் பற்றிக்கொண்டு கரையேறியது.

"என் காலே என் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை, அக்கா!" என்றது இருமிக்கொண்டே.

"உன் காலுக்காவது புத்தி இருந்ததே, தம்பி!" என்றது பூவாயி.

ஐயா தம்பி ஆனது. எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது பால்வண்ணன்தான். சிரிப்பு நின்றபோது அது குட்டிகளின் பக்கம் பார்க்கவில்லை.

மழை விட்டது. எலிகள் நெல் பொறுக்கப் புறப்பட்டன.

"தொடங்கலாமா, ஐயா?" என்று கண் சிமிட்டியது மொட்டைவாலன்.

"எனக்கு அந்த வேலை வேண்டாம், அண்ணாச்சி! எல்லாம் முடிந்த பிறகு 'முடிந்தது' என்று சொல்கிற வேலை ஏதாவது காலியாக இருக்கிறதா?"

"இருந்தாலும் உனக்கு இல்லை. இதைப் பிடி!" என்று ஒரு நெற்கதிரை அதன் வாயில் திணித்தது பூவாயி.

எல்லோருக்குள்ளும் இருக்கிற ஒன்றைத் தனக்கு மட்டுமே வாய்த்த பெருமை என்று நினைப்பவன் நகைப்புக்கு ஆளாவான். அவன் வாய்ச்சொல்லுக்குக் காத்து நிற்பவர்களோ, காலடியில் வெள்ளம் வருவதைப் பார்த்துக்கொண்டே மூழ்கிப்போவார்கள்.