பட்டியலில் இல்லாத குரல்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறை, பட்டணத்து வாடகைக் கம்ப்யூட்டர் மையம் ஒன்றுக்குக் குடிபோகும் நாள் வந்தது. நிர்வாக அதிகாரி தணிகாசலம் பட்டியலோடு நின்றார்.

"இதுல இருக்கிறது லாரிக்கு. இல்லாதது பழைய இரும்புக்கு."

மூலையிலிருந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டி பட்டியலில் இல்லை. எலக்ட்ரீஷியன் அருளப்பன் அதன் முன்னால் போய் நின்றான். டோக்கன் எண்ணைச் சொல்லி "மெதுவா வாங்க" என்று நோயாளிகளைக் கூப்பிடும் குரல் அதற்குள்தான் பதிவாகி இருந்தது. இங்கே நர்ஸாக இருந்து செத்துப்போன அவன் மனைவி ஃபிலோமினாவின் குரல். வீட்டில் அவள் போட்டோ உண்டு, குரல் கிடையாது.

"சார், இது வேணும்."

"உன்னைத் தவிர ஒரே ஒரு ஆள் வந்து வேணும்னு சொல்லட்டும், ஏத்துறேன். இப்ப ஒயரைப் பிடுங்கு."

"சரிங்க சார்" என்று பிடுங்கினான்.

மறுநாள் அதிகாரிக்குச் சர்க்கரைப் பரிசோதனை. வெறும் வயிற்றோடு, இருபத்து மூன்றாம் டோக்கனோடு உட்கார்ந்தார். உள்ளே லேப் பெண் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். வெளியே சத்தமே இல்லை, ஒருவரும் அசையவில்லை. ஒரு மணி நேரம் பொறுத்தவர் கத்தினார்.

"கூப்பிடுற குரல் எங்கய்யா? அது இல்லாம எப்படி? உடனே வேணும்!"

ஏணியில் பல்பு மாட்டிக்கொண்டிருந்த அருளப்பன் பணிவாகக் கேட்டான்.

"ஒரு ஆள் சொல்லிட்டாருங்க சார். ஏத்திடலாமா?"

கூடமே சிரித்தது. பெட்டி கடைசி லாரியில் ஏறியது.

இப்போது அவள் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து ஒயர் வழியே கூப்பிடுகிறாள். தினமும் டூட்டி முடிந்ததும் கடைசி டோக்கனை அருளப்பன் வாங்கிக்கொள்வான். கூடம் காலியான பிறகு அவன் முறை வரும்.

"நாற்பத்தொன்று, மெதுவா வாங்க."

"மெதுவாத்தான் வர்றேன், ஃபிலோ" என்பான், பெஞ்சைவிட்டு எழுந்திருக்காமல்.