கப்பித்தான் சொன்ன ஒரு சொல்

வெண்மணற்பட்டு என்ற கடலோரச் சீமையை வெகுகாலம் முன்னே ஆண்டவர் உறங்காப்புலி ராஜா. காலையில் தான் பல்லக்குக் கொடுத்த ஆளையே மாலையில் நாடு கடத்தும் மனசு அவருக்கு.

ஒருநாள் ஆங்கிலக் கப்பலின் கப்பித்தான் ஒருவன் அரண்மனைக்கு வந்தான். ராஜா கட்டிய துறைமுகத்தைப் பார்த்துவிட்டு, சபையில் அவரை "ஜெலஸ்" என்றான். தீராத ஊக்கம் உள்ளவர் என்று பொருள் சொன்னார் துபாஷி சவரிராயர். பாதிரிமாரிடம் ஆங்கிலமும் யவனர்களின் கிரேக்க மொழியும் கற்று, அரண்மனையில் மொழிபெயர்ப்பவர் அவர். மனம் குளிர்ந்துபோன ராஜா தன் வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

அதுவரை அந்தத் தட்டில் கைவைத்தவர் அவைப்புலவர் திருமேனியார் ஒருவர்தான். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. கப்பல் போனதும் துறைமுகத்து வணிகர்களிடம் அந்தச் சொல்லை விசாரித்தார். பொறாமைக்காரன் என்றார்கள். ராஜாவிடம் ஓடினார். வெள்ளைக்காரன் உங்களை ஏசினான், துபாஷி மறைத்துவிட்டான் என்றார்.

ராஜாவுக்கு மீசை துடித்தது. சரியான விளக்கம் வராவிட்டால் நாக்கு இருக்காது என்று சவரிராயரிடம் சொன்னார்.

சவரிராயர் கைகூப்பினார். "புலவர் கேட்டு வந்ததும் மெய், நான் சொன்னதும் மெய், மகாராஜா. அவை இரண்டு சொற்கள். நம் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். ‘ஜீலோஸ்’ என்ற யவனச் சொல்லின் வயிற்றில் பிறந்தவை இரண்டும். மனசுக்குள் எரியும் வேகத்துக்கு அந்தப் பெயர். அது தன் வேலையில் இறங்கினால் ஊக்கம். அடுத்தவர் இலையைப் பார்த்தால் பொறாமை."

கப்பித்தான் சொன்னது எது, சாட்சி யார் என்று மடக்கினார் புலவர்.

"சாட்சி கப்பலேறிவிட்டது, மகாராஜா," என்றார் சவரிராயர். "பொறாமை உள்ள வாயில் அடுத்தவர் புகழ் வராது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் புகழ்கிறோம். யாருக்கு அது முடியவில்லையோ, அவர் பேச்சை நம்பாதீர்கள்."

ராஜாவுக்கு இது வேடிக்கையாகப் பட்டது. சரி என்றார்.

சவரிராயர் முதலில் பேசினார். "மழை பொய்த்த வருஷம், வரியைக் குறைக்கச் சொல்லி ராஜாவின் முகத்துக்கு நேரே பாடியவர் இவர். எனக்கு அந்தத் துணிவு இல்லை."

புலவர் செருமினார். "துபாஷிக்கு நல்ல குரல். ஆனால் உச்சரிப்பு..." சபையில் சிரிப்பு எழுந்தது. "படித்தவர்தான். ஆனால்..." ராஜாவே சிரித்துவிட்டார்.

ராஜா தன் முத்துமாலையைச் சவரிராயருக்குப் போட்டார். புலவரைச் சபையை விட்டுப் போகச் சொன்னார்.

வாசல்வரை போன புலவர் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"அந்தப் பாட்டை இந்தச் சபையே மறந்துவிட்டது. பாடிய நானே மறந்திருந்தேன். இவர் நினைவு வைத்திருக்கிறார். இவர் பெரிய மனுஷர்."

எல்லோரும் காத்திருந்தார்கள். ‘ஆனால்’ வரவில்லை.

போகச் சொன்ன ராஜா, அவரை உட்காரச் சொன்னார்.